பின்னால் நடந்த புள்ளிகள்

எல்லாரும் சௌக்கியமா? கண்ணெல்லாம் நன்றாகத் தெரிகிறதா? சூரியனை மட்டும் நேராகப் பார்த்துவிடாதீர்கள். முப்பத்தோரு வருடம் தினமும் அதை வரைந்த எங்கள் அண்ணியே ஒரு நாளும் நேராகப் பார்த்ததில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலை, அண்ணி வரைந்த மூன்று தாள்களின் நகலை எங்கள் சாப்பாட்டு மேஜைமேல் வரிசையாக வைத்தாள் அந்தக் கண்ணாடிக்காரப் பெண். வானாய்வுக்கூடத்திலிருந்து வந்திருந்தாள்.

"பதினோராயிரத்துச் சொச்சம் தாள் இருக்கு. எல்லாத்துலயும் சூரியன்மேல இருக்கற புள்ளிங்க ஒரே பக்கமா நகருது. நடுவுல இருக்கற இந்த ஒரு நாள் மட்டும் பின்னாடி போயிருக்கு. அன்னைக்கு சூரியனுக்கு என்னம்மா ஆச்சு?"

அண்ணி மேஜையின் அந்தக் கோடியில் பீன்ஸுக்கு நார் உரித்துக்கொண்டிருந்தார்.

எனக்குத்தான் காது சூடாகிவிட்டது.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது. அண்ணியின் தாள்களையெல்லாம் அண்ணி பெயரிலேயே புத்தகமாகப் போடப் போகிறார்கள். ஆனால் ஒரு தாள் கற்பனை என்றால் மற்றதையும் நம்ப முடியாது, எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிடுவார்கள் என்று வாசலிலேயே சொல்லியிருந்தாள்.

அதே வானாய்வுக்கூடம்தான் ஒரு காலத்தில், ராத்திரி வேலைக்குப் பெண்களை எடுப்பதில்லை என்று அண்ணியைத் திருப்பி அனுப்பியது. அண்ணி சண்டை போடவில்லை. பகலில் தெரிகிற ஒரே நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டார்.

மொட்டைமாடியில் ஒரு சின்னத் தொலைநோக்கி. அதன் பின்னால் ஒரு பலகை. பலகையில் வட்டம் போட்ட தாள். காலை பத்து மணிக்குச் சூரியன் வந்து அந்த வட்டத்துக்குள் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். அதன்மேல் தெரிகிற கறுப்புப் புள்ளிகளைப் பென்சிலால் அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும்.

மேகம் மூடிய நாளிலும் தாள் உண்டு. 'மேகம்' என்று எழுதி, மணி போட்டு, கையெழுத்து.

தாள்கள் இருக்கும் பெட்டியின் மூடியில் அண்ணி எழுதி ஒட்டியிருப்பார்: பார்த்தவர்கள், இருவர்.

அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். ஸ்டாண்டுக்குத் திருகாணி முடுக்கியதற்கு எங்கள் அண்ணனுக்குச் சரிபாதிப் பங்கா? அண்ணனோ இருந்தவரைக்கும், "நான் எங்க பாத்தேன், எனக்குக் கண்ணு கூசும்" என்று சிரித்தே மழுப்பிவிடுவார்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன்.

அன்று அண்ணிக்கு அனலாகக் காய்ச்சல். கண்ணைத் திறக்க முடியாமல், "மணி பத்தாச்சா, மணி பத்தாச்சா" என்று பிதற்றிக்கொண்டிருந்தார். எனக்குப் பத்தொன்பது வயது. வானம் வேறு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஒரு நாள் விட்டுப்போனால் அண்ணி தாங்கமாட்டார் என்று தோன்றியது.

ஏறிப் போனேன். புள்ளிகளை ஒன்றுவிடாமல் குறித்தேன். ஏழு.

தாளைக் கழற்றிய பிறகுதான், வடக்கு எது என்று குறிக்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. கையில் இருப்பதோ வட்டம். வட்டத்துக்கு ஏது தலை, ஏது கால்? தோன்றிய பக்கத்தில் 'வ' போட்டேன். கீழே அண்ணியின் கையெழுத்தையும் நானே போட்டேன்.

மறுநாள் காலை காய்ச்சல் விட்டதும் அண்ணி தாளை எடுத்துப் பார்த்தார். "நீங்கதான் அண்ணி வரைஞ்சீங்க, ஜுரத்துல ஞாபகம் இல்ல" என்றேன், கூசாமல்.

"அப்படியா" என்றார். அவ்வளவுதான்.

ஐம்பது வருடமாக அந்த 'அப்படியா'வை நம்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் அண்ணியின் புத்தகம் போய்விடும். திறந்தால் அண்ணியின் கையெழுத்தைத் திருடினவள் நான். திறந்துவிட்டேன். காய்ச்சல், ஏழு புள்ளி, 'வ', கையெழுத்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

கண்ணாடிக்காரப் பெண் என்னையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அண்ணி நிமிரவே இல்லை. "நகல வச்சுக்கிட்டு என்ன பண்றீங்க? பெட்டியில இருந்து அசல எடுத்துப் பின்பக்கம் பாருங்க" என்றார்.

எடுத்தோம். பின்பக்கத்தில் பென்சிலில், அண்ணியின் பொடி எழுத்தில், அந்த வாரத்துத் தேதியோடு இருந்தது:

'எனக்குக் காய்ச்சல். வரைந்தவர் இரண்டாமவர். கையெழுத்து என்னுடையது அல்ல. தாள் தலைகீழ். புள்ளிகள் சரி.'

கண்ணாடிக்காரப் பெண் அந்தத் தாளைத் தலைகீழாகத் திருப்பி, முந்தின நாள் தாளுக்கும் மறுநாள் தாளுக்கும் நடுவே வைத்தாள். ஏழு புள்ளியும் வரிசையாக முன்னால் நடந்தன.

நான் பெட்டி மூடியில் இருந்த 'இருவர்' என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏன் அண்ணி இத்தனை வருஷமா சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்."

அந்தப் பெண் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். "அப்போ ரெண்டு பேர் பேரும் போட்டுடலாமாம்மா?"

"போடுங்க" என்றார் அண்ணி, அடுத்த பீன்ஸை எடுத்துக்கொண்டே. "கையெழுத்த மட்டும் இந்தத் தடவ அவளோடதயே போடச் சொல்லுங்க."

உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர், நீங்கள் சொன்ன பொய்க்கு 'அப்படியா' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருப்பார். அவரிடம் கேட்டுப் பார்த்துவிட்டு எனக்கும் நாலு வரி எழுதுங்கள்.