முட்டத்தில் பனிச்சரிவு

“புதுப் பனி விழுந்திருக்கு. அடியில பழைய பனி வழுவழுன்னு கெடக்கு. கால வச்சதும் மொத்தமா சரிஞ்சு ஜெனின் உள்ள போயாச்சு. தேடுங்க!”

கழுத்து வரை ஜிப் போட்ட கனத்த ஜாக்கெட்டோடு சரிவின் உச்சியில் நின்று கத்தினாள் ஷைஜா. அவள் கணவன் ஆன்றோ மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

ஓடியவனுக்கு வியர்த்துக் கொட்டியது. பின்னே? நடப்பது முட்டம் கடற்கரையில், வெயிலில். புதைந்துபோன ஜெனின் படகு நிழலில் உட்கார்ந்து, சுண்டல் தின்றபடி செல்போனில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் நண்பர்கள் ஆன்றோவும் ஜெனினும் காஷ்மீரில் பனிமலை ஏறப் போகிறார்கள். பனி சரிந்து ஒருவன் புதைந்தால், அவன் கட்டியிருக்கும் கருவி சிக்னல் அனுப்பும். மற்றவன் தன் கருவியின் அம்புக்குறியைப் பார்த்துப் போய், கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுக்க வேண்டும்.

ஷைஜா ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். “ஜெனினுக்க மெஷின நான் ஒளிச்சு வைக்கேன். நேரத்துக்குள்ள கண்டுபிடிச்சா போங்க. இல்லேன்னா ரெண்டு பேரும் போகண்டாம். அவனுக்க அம்மைக்கு என்னால பதில் சொல்ல முடியாது.”

கடற்கரையில் வளர்ந்தவனுக்கு ஒளித்து வைப்பதென்றால் மணலில் புதைப்பதுதான். அம்பு காட்டிய இடத்தில் ஆன்றோ தோண்டினான். ஒற்றைச் செருப்பு ஒன்று கிடைத்தது. அதற்குள் அம்பு வேறு பக்கம் திரும்பியிருந்தது.

“ஆன்றோ, கெணறு வெட்டுறியா மக்கா?” வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

ஷைஜா தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

“ஏட்டி, இந்த வெயிலில எனக்க ஜாக்கெட்டப் போட்டு வேகாத. கழத்திப் போடு.”

“நீங்க காஷ்மீர்ல போடப்போற சாதனம். நான் இங்கயாவது போட்டுப் பாக்கேன்.”

பதில் சொல்ல வாயெடுத்தவன் கருவியைப் பார்த்தான். தூரம் காட்டும் எண் சரசரவென்று குறைந்திருந்தது. “இங்கதான்!” என்று அவள் காலடியில் வெட்டினான். அவள் நகர்ந்து வழிவிட்டாள். எண் மறுபடியும் ஏறியது.

“நேரம் முடிஞ்சு,” என்றான் ஜெனின். சுண்டல் பொட்டலத்தை மடித்துக் கீழே வைத்தான்.

“மெஷின் கேடு!” மண்வெட்டியை எறிந்துவிட்டு மணலில் உட்கார்ந்தான் ஆன்றோ. ஒரு வருடமாகக் கண்ட கனவு. அழுகையே வந்துவிட்டது.

ஷைஜா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஜாக்கெட் ஜிப்பை இறக்கினாள். அவள் இடுப்பில் வார் போட்டுக் கட்டிய கருவி மினுக் மினுக்கென்றது.

“இது கள்ளக்களி! ஏமாத்திட்ட!” ஆன்றோ துள்ளி எழுந்தான்.

“பனியில போறவன் இத உடம்பிலதானே கெட்டியிருப்பான்? மண்ணுக்குள்ள தேடுறீங்க! உங்க ரெண்டு பேரையும் நம்பி விட்டா நடக்காது.”

ஜாக்கெட்டை மறுபடியும் கழுத்து வரை இழுத்து மூடிக்கொண்டாள் ஷைஜா.

“எனக்கும் ஒரு டிக்கெட் போடுங்க.”