பின்பக்கத்து ஃபேன்

"கம்ப்யூட்டர் மறுபடியும் சூடாகி ஆஃப் ஆயிருச்சு, ஜீவன். இன்னிக்கு வர முடியுமா?"

கௌசலா போனை வைப்பதற்குள் ஜீவன் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டான். உண்மையைச் சொன்னால், காலையிலேயே குளித்து, சென்ட் அடித்து, ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்து வைத்துக்கொண்டு அந்தப் போனுக்காகத்தான் தவம் கிடந்தான்.

அவன் வீடிருந்த கிள்ளானிலிருந்து அவள் வீடிருந்த பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் ஜாம். வேறு எவனாவது கூப்பிட்டிருந்தால், "திங்கட்கிழமை ஆபீஸுக்குத் தூக்கிட்டு வா லா" என்றிருப்பான். ஆபீஸில் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அவன்தான் வைத்தியர். வயது முப்பத்தெட்டு, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. தலைமுடி அவனைக் கேட்காமலே கிளம்பத் தொடங்கியிருந்தது. கௌசலா அதே ஆபீஸுக்கு வீட்டிலிருந்து வேலை பார்ப்பவள். வீட்டு உள் அலங்காரங்களைக் கம்ப்யூட்டரில் வரைவாள். பெரிய பெரிய படங்கள். கம்ப்யூட்டரோ ஷூ பெட்டி அளவில் ஒரு குட்டி கேஸ். சூடாகாமல் என்ன செய்யும்?

சூட்டைத் தணிக்க அதற்குள் மூன்று ஃபேன் மாட்ட வேண்டும் என்று ஜீவன் சொல்லியிருந்தான். முதல் சனிக்கிழமையே மூன்றையும் மாட்டி முடித்திருக்கலாம். முடித்துவிட்டால் அடுத்த சனிக்கிழமை எந்தச் சாக்கில் வருவது? அதனால் நம் ஆள் வாரத்துக்கு ஒரு ஃபேன் என்று தவணை முறையில் மாட்டினான். "இதெல்லாம் மெதுவாத்தான் பார்க்கணும்" என்று பெரிய டாக்டர் மாதிரி முகத்தை வேறு வைத்துக்கொண்டான்.

கதவைத் திறந்தது கௌசலாவின் அம்மா குணபூசணி.

"வாங்க தம்பி. பாவம், உங்களுக்கு வாரா வாரம் தொல்லை."

"தொல்லையா? அட போங்க ஆன்டி!"

கௌசலாவின் அறையில் கம்ப்யூட்டர் மேசைக்கடியில் குனிந்ததுமே தும்மல் வந்தது. இந்த அறைக்கு வந்தாலே அவனுக்குத் தும்மல்தான். "தூசி" என்று சொல்லிச் சமாளித்தான்.

கேஸைத் திறந்து பார்த்தான். முன்பக்கத்து இரண்டு ஃபேனும் குளிர்ந்த காற்றை உள்ளே இழுத்தன. பின்பக்கத்தில் இருந்த பெரிய ஃபேன் சத்தமே இல்லாமல் சூட்டை வெளியே தள்ளியது. சாமி மேடையிலிருந்து ஊதுபத்தி வாங்கி முன்னால் பிடித்தான். புகை ஒழுங்காக உள்ளே போய்ப் பின்னால் வந்தது. கனமான படம் ஒன்றை ஓடவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தான். சூடு ஏறவே இல்லை.

போன வாரமும் இதே கதைதான். அவன் இருக்கும்போது பெட்டி சமர்த்தாக இருக்கிறது. அவன் தலை மறைந்ததும் சூடாகி நின்றுவிடுகிறது.

அப்போதுதான் ஜீவனுக்கு மூளையில் விளக்கெரிந்தது. காற்று வெளியேறும் வழியை யாரோ அடைக்கிறார்கள். யார்? எதற்காக? அவனை மறுபடியும் வரவைக்கத்தானே!

யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்தது. பின்பக்கத்து ஃபேனை மேலே மாட்டத்தான் அவன் முதலில் பார்த்தான். சூடான காற்று மேலேதானே போகும்? கௌசலாதான் தடுத்தாள்.

"மேல வேணாமே, ஜீவன். பின்னாலயே போடுங்க. அப்ப சூடு மொத்தமும் அந்த ஒரு இடத்துலயா வரும்?"

"ஆமா."

"நல்லா சூடா வருமா?"

அவன் வாழ்க்கையில் எந்தப் பெண்ணும் அவனிடம் காற்றோட்டத்தைப் பற்றி இவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை. அன்று இரவு அவனுக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவிடம் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தான், வெட்கமாக இருந்தது.

இன்று விடுவதில்லை என்று தீர்மானித்தான். எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டான்.

"கௌசலா, ஒண்ணு கேட்டா மறைக்காம சொல்லணும். இந்தப் பெட்டிக்கு ஒரு கோளாறும் இல்ல. நீங்கதானே வேணும்னே பின்னால எதையோ வச்சு அடைக்கிறீங்க?"

கௌசலாவின் முகம் சிவந்துபோனது. தலையைக் குனிந்துகொண்டாள்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?"

ஐயோ, என்ன அழகாக வெட்கப்படுகிறாள்!

"உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நானும் அம்மாவும் தினமும் இதைப் பத்தித்தான் பேசுவோம்" என்றாள் அவள்.

அம்மா வரைக்கும் போய்விட்டதா! ஜீவன் மனசுக்குள் கல்யாணப் பத்திரிகையே அடித்துவிட்டான்.

"கோவமா, ஜீவன்?"

"கோவமா? நானும் யோக்கியன் இல்ல. மூணு ஃபேனையும் ஒரே நாள்ல மாட்டியிருக்கலாம். வேணும்னேதான் இழுத்தடிச்சேன். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, வாரா வாரம் என்ன, ஆயுசு முழுக்க வந்து நிக்கிறேன்."

"நிஜமாவா? எவ்வளவு நல்ல மனசு உங்களுக்கு!" கௌசலா துள்ளிக்கொண்டு உள்பக்கம் திரும்பினாள். "அம்மா! ஜீவனுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. அவர் கோவிக்கவே இல்ல. எடுத்துட்டு வாங்க!"

எதை? தாம்பூலத்தட்டா? ஜீவன் அவசரமாகச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

குணபூசணி தட்டோடுதான் வந்தார். ஆனால் வெற்றிலையும் இல்லை, பாக்கும் இல்லை. தட்டு நிறைய, பாதி காய்ந்த வேப்பம்பூ வடகம். மிளகாய்க் காரம் மூக்கில் ஏற, ஜீவன் அடுக்கடுக்காகத் தும்மினான். அவர் அதைக் கவனிக்காமல் மேசைக்கடியில் குனிந்து, தட்டைப் பின்பக்கத்து ஃபேனோடு ஒட்டி நிறுத்தினார்.

"பால்கனியில காயப் போட்டா இந்த அடுக்குமாடி கொண்டோ ஆபீஸ்காரன் சண்டைக்கு வரான், தம்பி. வெளிய பார்த்தா ஒரே மழை. நீங்க திட்டுவீங்கன்னு பயந்து, நீங்க வரப்பல்லாம் கட்டிலுக்கடியில ஒளிச்சு வச்சிட்டு இருந்தோம். இந்த ஃபேன் போட்டதுலேருந்து என்னமா காயுதுங்கறீங்க! சிரம்பான் மாப்பிள்ளைக்கு வடகம் இல்லாட்டி சோறே இறங்காதாம். கௌசலா கல்யாணத்துக்குள்ள எப்படிக் காயவைக்கப் போறோமோன்னு பயந்துட்டு இருந்தேன், கடவுளாப் பார்த்து உங்களை அனுப்பினார்!"