முகிலரசனுக்கு ஓர் அர்ச்சனை

“நில்லுங்கோ அம்மா! இவ்வளவு நாளும் இதை வைக்கிறது நீங்களோ?”

கத்தரிக்கோலும் கையுமாகச் செடிக்குப் பின்னாலிருந்து குகநாதன் எழுந்து வர, அந்த அம்மா திடுக்கிட்டுப் போனார்.

“அட, தமிழ்ப் பிள்ளையோ! வெள்ளைக்காரன் பேசப் போறான் எண்டு பயந்திட்டன். ஓம் தம்பி, நான்தான். என்ர பேர் சிவமலர். ஏன், வைக்கக் கூடாதோ?”

சுவிஸ் நாட்டின் வின்டர்தூர்க் கல்லறைத் தோட்டத்தில் குகநாதனுக்குத் தோட்ட வேலை. அதன் ஒரு மூலையில், ஈழ விடுதலைப் போரில் விழுந்த தங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கென்று ஊரவர்கள் சேர்ந்து ஒரு கல் நாட்டியிருந்தார்கள். இருபத்தாறு பெயர்கள், எல்லாம் இயக்கத்தில் வைத்த பெயர்கள். அதில் ‘முகிலரசன்’ என்ற பெயருக்குக் கீழே மட்டும் வெள்ளிக்கிழமை தவறாமல் ஓர் அர்ச்சனைப் பொட்டலம்: திருநீறு, குங்குமம், ஒரு வாழைப்பழம்.

மூன்று மாதமாக அவனுக்கு மண்டை வெடிக்கும் போலிருந்தது. செத்தவருக்கு விளக்குக் கொளுத்தலாம், பூ வைக்கலாம். அர்ச்சனை உயிரோடு இருப்பவருக்கல்லவா செய்வது! உலகத்தில் இல்லாத வழக்கமாக இருக்கிறதே! அவனுக்காகக் கோயிலில் ஒரு வார்த்தை சொல்ல இந்த நாட்டில் ஒரு சீவன் கிடையாது. அதனாலோ என்னவோ, பழத்தை எறிய மனம் வராமல் அவனே தின்றுவந்தான்.

“சாப்பாட்டுச் சாமான் வைக்கக் கூடாதாம். அடுத்த கிழமை தொடக்கம் குப்பையில போடச் சொல்லி முதலாளி கத்துறார். அதை விடுங்கோ. இந்த முகிலரசன் உங்களுக்கு ஆர்?”

“என்ர மூத்தவன்.”

“செத்த பிள்ளைக்கோ அர்ச்சனை?” கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

சிவமலருக்குக் கோபம் வரவில்லை. “எனக்கென்ன விசரோ தம்பி? அவனுக்கு வருசா வருசம் திவசம் செய்யிறன். இது மற்றப் பிள்ளைக்கு.”

“எந்தப் பிள்ளைக்கு?”

“ஒருத்தன் போனால் அவன்ர பேரைப் புதுசா வாற பிள்ளைக்கு வைக்கிறது இயக்கத்தில வழக்கம். என்ர மோன்ர பேரையும் ஆரோ ஒரு பொடியனுக்கு வைச்சவையாம். இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டுச் சண்டைக்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. என்ர பிள்ளையின்ர பேரோட திரிஞ்சவன், அவனாவது தப்பியிருக்கோணும். அதுதான் முருகனிட்டக் கேக்கிறன். கோயில்ல அர்ச்சனை செய்துபோட்டு, ‘உன்ர பேர்காரனுக்குத்தான்டா’ எண்டு மூத்தவனுக்கும் காட்டிட்டுப் போவன்.”

குகநாதன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தான்.

“ஐயர் நட்சத்திரம் கேப்பார். எனக்கென்ன தெரியும்? பேரை மட்டும் சொல்லுவன். அரைகுறை அர்ச்சனை, முருகனுக்கு விளங்குதோ தெரியாது. இனி இதையும் குப்பையில போடப் போறியளோ தம்பி?”

“இல்லை அம்மா. பழமெல்லாம் நான்தான் சாப்பிட்டனான்.”

“நீங்களோ! நான் காகமெண்டல்லோ நினைச்சன்!” சிவமலர் வாய்விட்டுச் சிரித்தார்.

குகநாதன் கையுறையைக் கழற்றிப் பொட்டலத்தை எடுத்தான். திருநீற்றைத் தன் நெற்றி நிறையப் பூசிக்கொண்டபோது கண்ணீர் முட்டிவிட்டது.

“இந்த முகிலரசன் உத்தரட்டாதி, அம்மா,” என்றான். “அடுத்த வெள்ளிக்கு அதையும் சொல்லிச் செய்யுங்கோ.”