வாய்ப்பூட்டு

தனுஷ்கோடியின் தாடைக்கட்டை அவிழ்த்துவிட்டு, வாய்க்கரிசி போடக் கையை நீட்டினாள் அவர் மனைவி செண்பகவல்லி. அரிசி நெருங்கியதுமே செத்தவரின் பற்கள் மேலும் கீழும் கவ்விக்கொண்டன.

சர்க்கரை நோய்க்கென்று தாடையில் பதித்த பற்கள் அவை. சோறும் இனிப்பும் கிட்டே வந்தாலே பூட்டிக்கொள்ளும். நான்கு வருடமாக ஒரு வாய்ச் சோற்றுக்குக் கெஞ்சிக் கெஞ்சியே போய்ச் சேர்ந்தார் மனிதர்.

மகன் பல் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"ஆள் போனாலும் பல்லுக்கு இன்னும் எட்டு வருஷம் உசுரு இருக்குங்க," என்றாள் அங்கே பேசியவள். "எங்களாலயும் திறக்க முடியாது. அவரு எவ்வளவு கெஞ்சினாலும் திறக்கவே கூடாதுன்னு உங்கம்மாதானே எழுதிக் கொடுத்திருக்காங்க?"

செண்பகவல்லி மறுபடியும் அரிசியை அள்ளினாள்.

"இந்த ஒரு தடவை வாயத் திறங்க," என்று இப்போது அவள் கெஞ்ச, அரிசி பல்லில் பட்டுக் கழுத்தில் வழிந்தது.