பகா எண் 73939133

கடைசி வரிசையில் அவர் எழுந்ததுமே தேஜஸ்ரீ திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சரவணம்பட்டிக் கல்லூரியின் கருத்தரங்கக் கூடம். அவளுடைய முனைவர் பட்டத்துக்கான பொது வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வரலாம், கேட்கலாம்.

திரையில் 73939133. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் வகுபடாத எண். கடைசி இலக்கத்தை வெட்டினால் 7393913. அதுவும் அப்படித்தான். வெட்டிக்கொண்டே போனால் ஒற்றை ஏழு மிஞ்சும்வரை எல்லாமே பகா எண்கள். இந்த வகையில் இதைவிடப் பெரிய எண் கிடையாது.

"கிடையாதுன்னு நீ எப்படிச் சொல்றே?"

கூடமே திரும்பிப் பார்த்தது. காவலாளிகூட மாணவிகளிடம் 'வாங்க, போங்க' என்று பேசும் ஊர். இவரோ அத்தனை பேர் முன்னால் 'நீ' என்கிறார். வெள்ளைச் சட்டை. நகக்கண்களில் கிரீஸ். கையில் ஒரு தடித்த நோட்டு.

அவளுடைய ஆய்வு நெறியாளர் பொங்கியண்ணன் கொஞ்சம் மரியாதையாகக் கேட்கச் சொன்னார். அவர் காதில் வாங்கவில்லை.

தேஜஸ்ரீ திரையைப் பார்த்தே பதில் சொன்னாள். எட்டு இலக்கத்தில் இப்படி ஐந்தே எண்கள். அவற்றின் பின்னால் 1, 3, 7, 9 மட்டுமே ஒட்டிப்பார்க்க முடியும். ஆக இருபது எண்கள். இருபதும் வகுபட்டுவிடும்.

இருபதையும் அவள் வகுத்துப் பார்த்தாளா என்றார் அவர்.

சில எண்கள் மூன்றாலேயே போய்விடும், மற்றதைக் கம்ப்யூட்டர் பார்த்தது என்றாள்.

"மெசின் பாத்துச்சு. நீ பாத்தியா?"

யாரோ சிரித்தார்கள். பொங்கியண்ணன் மைக்கை எடுத்தார். அவள் கையால் தடுத்தாள்.

"நான் பாக்கலீங்க. தப்பு இருந்தாக் காட்டுங்க."

அவர் நோட்டைப் பிரித்தார். பக்கம் பக்கமாகப் பென்சிலில் வகுத்தல் கணக்கு. கடைசிப் பக்கம்வரை புரட்டினார்.

"தப்பில்ல. உன் கட்டுரை வந்ததுலிருந்து வகுத்துட்டிருக்கேன். பதினொரு மாசம். இருபதும் சரியாத்தான் இருக்குது."

உட்காரவில்லை. பின்கதவு வழியே போய்விட்டார்.

பட்டம் வழங்கலாம் என்று தேர்வாளர் அறிவித்தார். கைதட்டினார்கள். வந்தவர்கள் கையெழுத்திட்ட பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே பொங்கியண்ணன், யார் அந்த ஆள், எந்தக் கல்லூரி என்று எரிச்சலோடு கேட்டார்.

அவள் திரையை அணைக்கப் போனாள். அவரே தேடிப் பிடித்தார். சுந்தரராஜுலு, பீளமேடு. விரல் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்து அப்படியே நின்றது.

மற்றவர்கள் பேராசிரியர், ஆய்வு மாணவர் என்று எழுதியிருந்தார்கள். அவர் பதவி என்ற இடத்தில் 'அப்பா' என்று எழுதியிருந்தார்.

"நான் மிதுனைக் கல்யாணம் பண்ணி ஏழு வருசமாச்சுங்க சார்" என்றாள் தேஜஸ்ரீ. "அதுக்கப்புறம் இன்னைக்குத்தான் எங்கிட்டப் பேசியிருக்காரு."