கற்பூர டப்பாவில் ஒரு மிளகு

வீட்டுக்காரி கற்பூர டப்பாவுக்குள் ஒரு மிளகைப் போட்டு இறுக மூடினாள். மிளகு கூடவே இருந்தால் கற்பூரம் சீக்கிரம் கரைந்து போகாது என்பது அவள் நம்பிக்கை.

மிளகும் அதை நம்பியது. கற்பூரக் கட்டியை ஒட்டியே கிடந்தது. ஆனாலும் கட்டி நாளுக்கு நாள் இளைத்தது.

"தரையில ஒரு சொட்டு ஈரம்கூட இல்ல. உருகாம எப்படிக் குறையுற நீ?" என்று மிளகு அதட்டியது.

"உருகுறதுக்கெல்லாம் நான் நிக்கிறதில்ல. என்னோட துகள் ஒவ்வொண்ணும் பக்கத்துத் துகளோட கையை விட்டுட்டு, நேரா காத்துல போயிடுது" என்றது கற்பூரம்.

"போகாதேன்னு சொல்லேன்."

"சொன்னேன். எங்க கேக்குதுங்க?"

மிளகு இன்னும் நெருங்கிப் படுத்தது. ஒரு நாள் விழித்தபோது பக்கத்தில் யாருமில்லை. 'காவலுக்கு வந்து கோட்டை விட்டுட்டேனே' என்று சுருண்டு கிடந்தது.

மூடி திறந்தது. புதுக் கற்பூரம் ஒன்று வந்து விழுந்தது.

"அக்கா, உங்க மேல எங்க வாசனை அடிக்குதே! எனக்கு முன்னாடி இங்க யாராவது இருந்தாங்களா?"

மிளகு தன் சுருக்கங்களுக்குள் முதல்முறையாக மோந்து பார்த்தது.

"இருக்காங்க" என்றது.