மூன்றாவது வட்டம்

டாக்டரம்மா சன்னல் திரையை இழுத்துவிட்டு, ஊதா விளக்கைச் சிறுமியின் தலைக்கு நேரே பிடித்தார்.

காதுக்கு மேலே சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு மொட்டைத் திட்டு. அதில் ஒடிந்து நின்ற முடிகள் பச்சையாக மினுங்கின.

"பாத்தீங்களா? இது புதுசு."

அம்மா பார்த்தாள். முதல் இரண்டு வட்டங்களிலும் முடி முளைத்து, அப்பாடா என்று மூச்சுவிட்ட வாரத்தில் இந்த மூன்றாவது.

விடுதியின் சலவை அறையில் நாளுக்கு இருநூறு தலையணை உறைகளாவது அவள் கைக்கு வரும். வீட்டுக்கு வந்தால் இன்னொன்று காத்திருக்கும், மகளுடையது. நாலு மாதமாக அதைக் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் போட்டு எடுக்கிறாள். சீப்பு தனி, துண்டு தனி. மாத்திரை ஒரு வேளை தவறியதில்லை. இப்போதெல்லாம் நின்றபடியே தூங்கிவிடுகிறாள்.

தலை முழுசாக ஆறாமல் வகுப்புக்குள் விடமாட்டோம் என்று நேற்று பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லியனுப்பிவிட்டார்கள்.

"மருந்து நல்லாத்தான் வேலை செய்யுது. வெளியில இருந்து மறுபடி ஒட்டிக்கிட்டு வருது." டாக்டரம்மா திரையை விலக்கினார். "இது பூனைக்குட்டிகிட்ட இருந்து வர்ற படர்தாமரை. வீட்ல பூனை இருக்கா?"

"இல்லைங்க. நாங்க ரெண்டே பேர்தான்."

"எனக்குப் பூனையே பிடிக்காது," என்றாள் மகள், யாரும் கேட்காமலே.

ஒன்பது வயது. பொய் சொன்னால் கால் ஆடும். நாற்காலிக்கு அடியில் இப்போது இரண்டு காலும் ஆடிக்கொண்டிருந்தன.

எந்தப் பூனையோ, அதைக் கொஞ்சுகிற பெரியவர் யாராவது இருந்தால் அவருக்கும் வந்திருக்கும், தாடி வைத்தவர் என்றால் தாடிக்குள்ளேயே புகுந்துகொள்ளும், அவரையும் கவனிக்காவிட்டால் இது இப்போதைக்குத் தீராது என்றார் டாக்டரம்மா.

"தாடியில வந்தா என்னங்க பண்ணணும்?"

"மாத்திரை சாப்பிடணும். தாடியை எடுத்துட்டா இன்னும் நல்லது."

"எடுத்தாச்சு," என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள் மகள்.

மகளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"தெரியும்டி," என்றாள் அம்மா.

செவ்வாய்க்கிழமை பேருந்து சன்னல் வழியாக அவள் பார்த்திருந்தாள். பள்ளிக்கூட மதிலோரம் ஒரு ஆள். மழித்த தாடையில் சிவப்பாக ஒரு வட்டம். சட்டைக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும் ஒரு நோஞ்சான் பூனைக்குட்டி. எதிரே வாயெல்லாம் பல்லாக மகள்.

இறங்கிப் போய் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். எழுந்தாள்கூட. ஆனால் மகள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்துப் பார்த்ததில், இறங்கவேண்டிய இடம் தாண்டிப்போய்விட்டது.

டாக்டரம்மா மருந்துச் சீட்டை இழுத்துக்கொண்டார். "பாக்காம மருந்து எழுத முடியாது. அடுத்த வாரம் அவரையும் கூட்டிட்டு வாங்க. அவர் உங்களுக்கு என்ன வேணும்?"

உறவு ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருக்கவேண்டும். எந்த வேலையிலும் நிலைக்காத அந்த ஆளிடம், இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே என்று சொல்லி அவள் கதவைச் சாத்தி ஒன்றரை வருஷம் ஆகிறது.

பையை மடியில் நகர்த்தி வைத்தாள்.

"வீட்டுக்காரர்னு எழுதிக்குங்க."